காரணம் எழுதும் கட்டம்

போர்வெனிரிலிருந்து முந்தின நாளே படகேறி வந்துவிட்டாள்.
நீரிணையில் காற்று எழுந்தால் துறைமுகத்தை மூடிவிடுவார்கள்.
அறுவைக்கு நாள் குறித்தவர்கள்
காற்றிடமும் கேட்டுக்கொள்ள வேண்டிய ஊர் இது.

நெல்டா பாரியா. ஐம்பத்தாறு வயது.
வலது தோள், கிழிந்த தசைநார்.
பதினெட்டு வருடமாக நண்டு ஆலையில்
கொதித்து இறங்கும் சென்டோயாவின் கால்களை உடைத்து
வெள்ளைச் சதையை முழுசாக உருவுவது வேலை.
நாளுக்கு எத்தனை கால்கள் என்றேன்.
தோளைக் கேளுங்கள் என்றாள்.

படிவம் கேட்பதை நான் கேட்டேன்.
பொய்ப்பல்? கீழே இரண்டு.
ஒவ்வாமை? முதலாளி.
சிரித்தேன், எழுதவில்லை.
சர்க்கரை?
மாத்தேயில் இரண்டு கரண்டி.
நோயைக் கேட்கிறேன் என்றதும்
"அது அக்காவுக்கு" என்றாள்,
அக்காவுக்குக் கார் இருக்கிறது என்பதுபோல.

முன்பெல்லாம் இத்தோடு விட்டுவிடுவோம்.
இல்லை என்றால் இல்லை.
அப்படி ஒருவருக்கு இடுப்பு மாற்றினோம்.
தையல் கூடவே இல்லை.
நாற்பத்தொரு நாள் கட்டு மாற்றியவள் நான்.
தனக்கு இருப்பது அவருக்கும் தெரியாது,
கேட்காத எங்களுக்கும்.
பெயரை மறந்துவிட்டேன், வாடை மறக்கவில்லை.
அதற்குப் பிறகு
வருகிற எல்லோரிடமும் ஒரு துளி.

மோதிர விரலைப் பிடித்தேன்.
ஓட்டு முள் கீறிக் கீறித் தடித்த தோல்.
ஊசி சொடுக்கியது, ரத்தம் வரவில்லை.
நகத்தின் ஓரமாக இன்னொரு முறை,
கொஞ்சம் ஆழமாகவே.
அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெளியே ஒரு பிளாஸ்டிக் பை
மூன்றாவது மாடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"எப்போது குத்துவீர்கள்?"

துளி ஏற்கனவே பட்டையில் இருந்தது.
இருநூற்று நாற்பத்தேழு,
வெறும் வயிற்றில்.

விரல் மரத்து எவ்வளவு நாளாயிற்று?
ஐஸில் நிற்கிறோம், எல்லோருக்கும் மரக்கும்.
பாதம்?
பூட்ஸ் ஈரம்.
தாகம்?
உப்புக் காற்று.
இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்?
வயசு.
ஆறு கிலோ குறைந்திருக்கிறதே?
ஓவர்டைம்.
எல்லாவற்றையும் ஆலையே தந்திருந்தது.
இதற்கு மட்டும் இடமில்லாமல்
இது வாசலில் நின்றிருக்கிறது, எத்தனை வருடமோ.

மதியம் ஆய்வகத்திலிருந்து சீட்டு வந்தது.
மூன்று மாதச் சராசரி பத்து புள்ளி ஒன்று.
செப்டம்பர், அக்டோபர், நவம்பர்,
நண்டுக் காலம் மொத்தமும் அதில் இருந்தது,
இடைவேளையில் நின்றபடி குடித்த மாத்தே உட்பட.

மார்ச்சில் பார்ப்போம் என்றார் டாக்டர் குசானோவிச்,
கண்ணாடியைத் துடைத்தபடி.

மார்ச்சில் லீவு கிடையாது.
நாயைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறாள்.
அந்த வீட்டுக்காரிக்கு நாய் பிடிக்காது.
"தோளை அறுக்க வந்தேன்.
ரத்தத்தை ஏன் விசாரிக்கிறீர்கள்?"
கத்தி உள்ளே போவது பெரிதில்லை நெல்டா, என்று தொடங்கி
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
வாடையை எப்படிச் சொல்வது?

ஸ்வெட்டருக்குள் வலது கை போகவில்லை.
பிடித்து நுழைத்துவிட்டேன்.
நன்றி சொல்லவில்லை அவள்.
மாத்திரைச் சீட்டை இரண்டாக மடித்து, நான்காக மடித்து
எங்கே வைத்தாள் என்று பார்க்கவில்லை.

ஜன்னலில் நின்றேன்.
காற்றுக்காகத் தெருமுனையில் கட்டியிருக்கும் கயிற்றை
இடது கையால் பற்றிக்கொண்டு
அவள் சதுக்கத்தைக் கடந்தாள்.
அந்தக் கை கயிற்றை உணர்கிறதா,
பிடித்திருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறதா?

அறுவை தள்ளிவைத்த காரணம் என்று
படிவத்தில் ஒரு கட்டம்,
தீப்பெட்டி அகலம்.
வலிக்கவில்லை என்று எழுதினேன்.

மேலதிகாரி என்னவென்று கேட்பார்.
அடித்துவிட்டு
எண்ணை எழுதினேன்.